பேன்டமா, டைகர் கப்பா, ஷெர்பாவா?

போன மாதம் அவிநாசியிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை, வயது இருபத்தாறு. "மாமா, பழைய இங்கிலீஷ் பைக் ஒண்ணு எடுத்து ஓட்டலாம்னு இருக்கறனுங்க. மூணு வண்டி கண்ணுல பட்டிருக்குது. எதை எடுக்கறதுன்னு நீங்கதானுங்க சொல்லோணும்" என்றான்.

என்னென்ன என்று கேட்டேன். ஒன்று, காங்கயம் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துக் கட்டுத்தாரையில் (மாட்டுக் கொட்டகை), சோளத்தட்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாகக் கிடக்கும் பிஎஸ்ஏ பேன்டம் டி1. அவனுடைய அப்பாரு (தாத்தா) ஓட்டியது, இன்ஜின் ஜாம். இரண்டாவது, கோயம்புத்தூரில் ஒருவர் விற்கும் டிரையம்ப் டைகர் கப். புதுப் பெயின்ட், புதுக் குரோம், மிதித்தால் ஓடுகிறது. மூன்றாவது, தாராபுரத்தில் ஒரு டிராக்டர் மெக்கானிக்கிடம் இருக்கும் என்ஃபீல்டு ஷெர்பா. பாதி பிரித்து, பாகங்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் கிணத்துக்கடவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக ஒரு பேன்டம் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் நாலு வருஷம் என்னிடம் டைகர் கப் இருந்தது. ஷெர்பா எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை, நண்பர் வண்டியில் கை வைத்த அனுபவம்தான். மூன்றையும் வைத்து அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவதும் ஆகும்.

முதலில் நான் கேட்டது, "எங்க ஓட்டப் போறே மாப்ளே?" என்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாகக் காங்கயம் தோட்டத்துக்கு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாயங்காலம் திரும்ப வேண்டும். வருஷத்தில் ஒரு தடவை மலைக்கும் போக ஆசை. இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கப் போனால், எது அழகோ அதை வாங்கிவிடுவோம். நான் அப்படித்தான் கப் வாங்கினேன்.

பிஎஸ்ஏ என்றால் நம்மூரில் பலருக்கும் சைக்கிள்தான் ஞாபகம் வரும். பர்மிங்காமில் துப்பாக்கி செய்வதற்காக 1861-ல் தொடங்கிய கம்பெனி அது. பிறகு சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள் என்று போனது. பேன்டம் 1948-ல் வந்தது. அதன் வடிவம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125. போரில் தோற்ற நாட்டிடமிருந்து இழப்பீடாக எடுத்த வரைபடங்களை வைத்து பிரிட்டன், ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் ஆளுக்கொரு வண்டி செய்தன. யமஹாவின் முதல் வண்டியான 1955-ன் ஒய்ஏ-1 கூட அந்த ஜெர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். ஆர்எக்ஸ் 100 என்றால் உயிரைவிடும் நம் பையன்கள் பேன்டத்தைப் பார்த்தால், அதன் குலத்துப் பெரியவரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

டி1-ன் இன்ஜின் 123 சிசி, டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் விட்டம் 52 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 58. கொடுக்கும் சக்தி நாலரை குதிரைக்குப் பக்கம். மூன்று கியர். முதலில் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது, 1950 முதல் பிளஞ்சர் என்ற பின்ஸ்பிரிங் வைத்ததும் கிடைத்தது. வண்டியின் எடை 80 கிலோவுக்கும் குறைவு. முழு மூச்சாக விரட்டினால் 70-ஐத் தொடும், மனது வைத்து ஓட்டுகிற வேகம் 50. இங்கிலாந்தில் தந்தி கொண்டுபோகிற பையன்கள் சிவப்புப் பெயின்ட் அடித்த பேன்டத்தில்தான் சுற்றினார்கள். லட்சக்கணக்கில் செய்த வண்டி என்பதால் இன்றும் பிஸ்டன், ரிங், சீல், கேஸ்கெட் எல்லாம் அங்கே புதிதாகவே செய்து விற்கிறார்கள். தபாலில் வரும். சுங்கவரியும் தபால் கூலியும் சேர்ந்தால் பாகத்தின் விலையைத் தாண்டிவிடுவது உண்டு. அதனால் ஒன்றொன்றாக வரவழைக்காமல், வண்டியை முழுக்கப் பிரித்துப் பட்டியல் போட்டு ஒரே தடவையில் வாங்குவது நல்லது.

ஆனால் பேன்டத்தை நான் விரும்புவதற்குக் காரணம் இங்கிலாந்தில் கிடைக்கும் சாமான் இல்லை, கோயம்புத்தூரில் கிடைக்கும் கை. கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத் ஓடும். பம்புக்கும் நூல் மில்லுக்கும் வேலை செய்து பழகிய கைகள். பேன்டத்தின் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு, பின்னை அழுத்திப் பொருத்திய வகை. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி வண்டிகளின் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, ராடு மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுக்கிறவருக்கு இது புது வேலையே இல்லை. பெயரிங்கையும் ஆயில் சீலையும் அளவு சொன்னால் கடையில் எடுத்துப் போடுகிறார்கள்.

அந்த ஆயில் சீல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேன்டம் வாங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையே ஒரு பம்பு. அதில் காற்று கசியக்கூடாது. முப்பது வருஷம் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் மரக்கட்டை மாதிரி ஆகியிருக்கும். மேக்னெட்டோ (பொறிக்கு மின்சாரம் கொடுப்பது) பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும். வண்டி ஐடிலிங்கில் தானாக எகிறும், சூடேறும், பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிச் சைலன்சரில் வெள்ளைப் புகை மூட்டம் போடும். கியர் பெட்டியில் ஆயில் குறைந்துகொண்டே வரும், கீழே ஒரு சொட்டு இருக்காது. நான் முதல் வருஷம் இதைக் கவனிக்காமல் கார்பரேட்டரை ஏழு தடவை பிரித்து மாட்டினேன். கடைசியில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சைலன்சரில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்து, "இது டூடி ஆயில் வாசமில்லீங்க, கியர் ஆயிலுங்க" என்றார். அன்றைக்கே தீர்ந்தது.

நட்டுப் போல்ட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் இங்கிலாந்து அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துகிற மாதிரி இருக்கும், அழுத்தினால் நட்டின் மூலையை மழித்துவிடும். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிட வேண்டும், உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் அகப்படும். இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வண்டிகளின் சின்னப் போல்ட்டுகளில் நிறைய சைக்கிள் மரை, அதாவது ஒரு அங்குலத்துக்கு 26 மரை. நம்மூர்ச் சைக்கிளின் முன்சக்கர அச்சும் 5/16 அங்குலத்தில் அதே 26 மரைதான். பேன்டத்தின் ஒரு போல்ட்டில் மரை நசுங்கிப்போய் நான் தவித்தபோது, கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒரு பெரியவர், எண்ணெய் படிந்த பெட்டியிலிருந்து மரை வெட்டும் டையை எடுத்து, மூன்றே சுற்றில் மரையைச் சீராக்கிக் கொடுத்தார். டீக்குக் காசு கொடுத்தால்கூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மின்சாரம் வகையில் டி1 இன்னும் எளிது. ஃபிளைவீல் மேக்னெட்டோ, ஆறு வோல்ட். பொறிக்குப் பேட்டரியே வேண்டாம். லைட் காயிலை நானே என் கடையில் சுற்றிப் போட்டேன். இக்னீஷன் காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, அதில் மட்டும் கை வைக்காமல் வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம். பாயிண்ட் இடைவெளி 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), மில்லிமீட்டரில் 0.38. கண்டன்சர் பழையதாக இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு சித்திரை மாதம் வெள்ளகோவில் தாண்டி வண்டி நின்றது. புளியமரத்தடியில் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மிதித்தால் ஓடும், நாலு கிலோமீட்டரில் மறுபடி நிற்கும். சூட்டில் சாகும் கண்டன்சரின் குணம் இது. வீட்டுக்கு வந்து பழைய பஜாஜ் ஸ்கூட்டர் கண்டன்சரைத் தனியாகக் கம்பி இழுத்து வெளியே கட்டினேன். அதற்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

சரி, டைகர் கப்புக்கு வருகிறேன்.

அழகு என்று பார்த்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. ஹெட்லைட்டை மூடிய அந்த நாசெல், சரிவாக நிற்கும் சிலிண்டர், பெரிய டிரையம்பைச் சிறியதாக வார்த்தெடுத்த மாதிரி உடம்பு. எட்வர்ட் டர்னர் வடிவமைத்தது. 1953-ல் வந்த 149 சிசி டெரியரை வளர்த்து, 1954-ல் 199 சிசி கப் ஆக்கினார்கள். ஃபோர் ஸ்ட்ரோக், மேல்வால்வு, நாலு கியர், பத்துக் குதிரை சக்தி. 1968 வரை செய்தார்கள். டிரையம்பை பிஎஸ்ஏ 1951-லேயே வாங்கிவிட்டிருந்தது. அதனால் கடைசிக் காலத்தில் வந்த கப்கள் பேன்டத்தின் சட்டத்திலேயே ஏறி வந்தன. கப்பில் 70-ல் போவது சுகம். சைலன்சரிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்க நான் வேண்டுமென்றே பல்லடம் ரோட்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

ஆனால் அந்த அழகுக்குள் ஒரு பலவீனம் உண்டு. கப்பின் டைமிங் பக்கத்துக் கிராங்க் ஓடுவது உருளை பெயரிங்கில் இல்லை, வெண்கல வளையமான புஷ்ஷில். பெரும்பாலான கப்களில் கனெக்டிங் ராடின் அடிமுனையும் புஷ்தான். பம்பிலிருந்து வரும் ஆயில், அந்த டைமிங் பக்கத்துப் புஷ் வழியாகத்தான் கிராங்குக்குள் போய் ராடைச் சேர வேண்டும். புஷ் தேய்ந்தால் ஆயில் வழியிலேயே கசிந்துவிடும். ராடுக்குப் போய்ச் சேருவது குறையும். சத்தம் எதுவும் முன்னால் வராது, எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்கும். டேங்கில் இருப்பது ஒன்றரை லிட்டர் ஆயில். நம்மூர் வெயிலில் அது சீக்கிரம் இளகிப்போகும்.

எனக்கு அது ஆழியாறு மலையில் நடந்தது. வால்பாறைக்கு மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணை கண்ணாடி மாதிரி கிடப்பதைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக ஏறினேன். பதினைந்தைத் தாண்டும்போது காலுக்கு அடியில் ஒரு தட்டல். கரண்டியால் டம்ளரைத் தட்டுகிற மாதிரி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகமாக, விட்டால் மெதுவாக. நிறுத்தி ஆயில் டேங்க் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிய ஆயிலில் வெயில் பட்டதும் பொன்துகள் மாதிரி மினுமினுத்தது. புஷ்ஷின் வெண்கலம் அரைபட்டு ஆயிலோடு வந்துவிட்டது. காய்கறி ஏற்றிப் போய்க் காலியாக இறங்கிய ஒரு டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன்.

புஷ் கடைவது நம் லேத்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கும்படி, கேஸை மூடி வைத்து, துளையைச் சீராக்கும் ரீமர் விட்டு எடுக்க வேண்டும், அங்கேதான் விஷயம். முதலில் கொடுத்த பட்டறையில் தனியாகக் கடைந்து தட்டி இறக்கிவிட்டார்கள். அறுநூறு கிலோமீட்டரில் மறுபடி தட்டல். இரண்டாவதாக ஒருவர் சரியாகச் செய்தார், அது கடைசி வரை நன்றாக ஓடியது. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் என் காது இன்ஜினின் அடியிலேயே இருந்தது. ரசித்து ஓட்ட முடியவில்லை. அதனால் விற்றேன். இதை வைத்து கப் கெட்ட வண்டி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று நமக்குத் தெரிந்த இன்ஜினாக இருந்தால் கப்பைப்போல ஒரு சின்ன வண்டி கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் விற்கும் வண்டியில் அதுதான் தெரியவில்லை. பெயின்ட் எங்கே அடித்தது, குரோம் யார் பூசியது என்று அரை மணி நேரம் சொன்னாராம். கிராங்கைப் பிரித்தீர்களா என்று இவன் கேட்டதற்கு, "அதெல்லாம் நல்லா இருக்குதுங்க தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். இப்படிப்பட்ட வண்டியை, இன்ஜினை முழுதாக ஒருமுறை பிரிக்கிற செலவும் சேர்த்தே விலை என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். அந்தக் கணக்கில் அது மூன்றில் மிக விலை கூடிய வண்டியாகிறது.

ஷெர்பா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் நல்ல குணம். பெயர் ராயல் என்ஃபீல்டு, பிறந்தது சென்னை, உள்ளே இருப்பது வில்லியர்ஸ் வகை 173 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். வில்லியர்ஸ் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் கம்பெனி. அங்கே ஜேம்ஸ், ஃபிரான்சிஸ் பார்னெட் என்று பல சின்ன வண்டிகளுக்கு அவர்கள் இன்ஜின்தான், பம்புக்கும் தோட்ட மெஷினுக்கும்கூடச் செய்தார்கள். முரட்டு இன்ஜின், பேன்டத்தைவிட இழுவை உண்டு, விலையும் குறைவு. மேட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு முணுமுணுக்காமல் போகும். குறை என்னவென்றால், பேன்டத்துக்குக் கிடைப்பதுபோல் இதன் சட்டத்துக்கும் டேங்குக்கும் மட்கார்டுக்கும் வெளிநாட்டிலிருந்து புதுச் சாமான் வராது. இன்னொரு ஷெர்பா கிடைத்தால்தான் சாமான். தாராபுரத்துச் சாக்கில் எது இருக்கிறது, எது இல்லை என்று கொட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே என்று சொன்னேன். சாக்கில் கட்டிய வண்டியில் எப்போதும் ஒரு முக்கியமான பாகம் இருக்காது.

இனி ஆர்.சி. விஷயம். இன்ஜின், பெயின்டைவிட இதுதான் தீர்மானிக்கிற விஷயம் என்று நினைக்கிறேன்.

பேன்டத்தின் ஆர்.சி. புத்தகம் அவனுடைய அப்பாருவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஓரம் செல் அரித்திருந்தாலும் எண்கள் தெளிவாக இருக்கின்றன. சட்டத்தின் கழுத்திலும் இன்ஜினிலும் அடித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். டி1-ன் ஆரம்ப வண்டிகளில் எண் 'ஒய்.டி.' என்று தொடங்கும். ஒத்துப்போகிறது என்றான். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 வைத்துப் பெயர் மாற்றம். கூடவே படிவம் 25-ல் பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். வீட்டில் ஒரு பெரியப்பாவுக்கு வருத்தம் இருந்தாலும் வேலை நின்றுவிடும். அதனால் இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து பேசச் சொன்னேன்.

கப்பின் ஆர்.சி. விற்கிறவர் பெயரிலேயே இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னவர் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. வாரிசுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு பளபளத்தாலும் இது ரோட்டில் ஓட்டுகிற வண்டி ஆகாது.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழையபடியே இருக்கிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி பத்து வருஷம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி, அதற்குப் பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. ஞாயிறுதோறும் தோட்டத்துக்குப் போக நினைக்கிறவனுக்கு அது ஆகாது. சாதாரணப் பதிவு உயிரோடு இருந்தால், அல்லது புதுப்பிக்க வழி இருந்தால், அதையே பிடித்துக்கொள்வதுதான் சரி. பழைய மெட்ராஸ் மாநிலத்து எண்ணும் அப்படியே நிற்கும். எனக்கு அந்த எண் தகடு வண்டியின் முகம் மாதிரி.

எவ்வளவு தூரம் புதுப்பிப்பது என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு. அவனுக்குக் கப் மாதிரி மினுங்க வேண்டும். எனக்கு அப்பாருவின் முழங்கால் உரசி மழுங்கிய டேங்க் பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும். டி1-க்கு அந்தக் காலத்து நிறம் வெளுத்த பச்சை. கட்டுத்தாரை வண்டியில் சோளத்தட்டு தூசிக்கடியில் அது இன்னும் இருக்கிறது. என் யோசனை, ரிம், ஸ்போக், டேங்கின் உட்பக்கம், பிரேக் மாதிரி உயிருக்குச் சம்பந்தப்பட்டதெல்லாம் புதுசாக வேண்டும். வெளித்தோலை ஒரு வருஷம் அப்படியே விட்டுவை. ஓட்டிப் பார்த்த பிறகும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடிக்கலாம். அடித்துவிட்டால் பழசு திரும்ப வராது. குரோம் போடக் கொடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். பாலிஷ் வீலில் பிடித்துத் தேய்த்தால் எழுத்தும் மூலையும் கரைந்துவிடும். என் கிளட்ச் மூடியில் எழும்பி நின்ற பிஎஸ்ஏ எழுத்துகள் ஒரு பாலிஷ் கடையில் அப்படித்தான் மறைந்தன. இப்போது விரலால் தடவினால்தான் தெரிகிறது.

பெட்ரோல் பற்றிக் கேட்டான். இப்போது பங்கில் வருவது இ20, நூற்றில் இருபது பங்கு எத்தனால். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் டேப்பிலிருக்கும் தக்கையையும் அது ஊதவைக்கும் அல்லது சுருக்கும். நின்ற டேங்கில் ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். குழாயை எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக மாற்றி, இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போதைய நல்ல டூடி ஆயில் என்றால் 40 போதும் என்பது என் அனுபவம். ஆயில் போட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஓட்டாதே, போட்டுவிட்டு ஓட்டு. டயர் விஷயத்தில் டி1-க்குக் கொஞ்சம் அலைய வேண்டும். அளவு 2.75-19. புல்லட்டின் 3.25-19 எங்கும் கிடைக்கும், அது மட்கார்டில் உரசும். கப்பின் பிந்தைய வண்டிகள் பலவற்றுக்கு 17 அங்குலம், அது நம்மூரில் தாராளம். அந்த ஒன்றில் கப் ஜெயிக்கிறது.

ஓட்டுவது பற்றி இரண்டு விஷயம் அவன் மனதில் பதிய வேண்டும் என்று நினைத்தேன். முதலாவது கால். பேன்டத்திலும் கப்பிலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவன் பழகியது எல்லாம் தலைகீழ். குறுக்கே ஒரு ஆடு ஓடிவரும்போது யோசிக்க நேரமிருக்காது, வலது கால் தானாக மிதிக்கும், அங்கே இருப்பது கியர். அந்த நேரம் வண்டி நிற்காது. அதனால் முதல் ஒரு மாதம் தோட்டத்து வண்டிப்பாதையில் மட்டும், காலுக்குப் பழக்கமாகும்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னேன். பழைய புல்லட் ஓட்டிய ஆள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறமும் அவிநாசி ரோட்டு ஹைவேயில் இந்த வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. ஆறு வோல்ட் விளக்கு அகல் விளக்கு மாதிரி. இருட்டும் முன் வீடு வந்து சேர வேண்டும்.

இரண்டாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற மேல்காற்றை நம்மூரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காற்றுக்குத்தானே உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை. அந்த மாதங்களில் அவிநாசியிலிருந்து காங்கயம் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், வண்டி புலி மாதிரி ஓடும். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முகத்தில். நாலரைக் குதிரை சக்தி மூன்றாவது கியரில் மூச்சு வாங்கும், இரண்டாவதற்கு இறக்கி 35-ல் வர வேண்டியிருக்கும். இதே நிலைமையில் கப் அசராமல் போகும், ஷெர்பாவும் போகும். இந்த ஒரு குறை பேன்டத்துக்கு உண்டு, மறைத்துச் சொல்ல மாட்டேன். மலை ஆசைக்கும் இதே பதில்தான். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளில் பேன்டம் ஏறும், ஆனால் முதல் கியரில், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு. அவசரக்காரனுக்கு அது சரிப்படாது.

"அப்போ பேன்டம்தானுங்களா மாமா?" என்று கேட்டான்.

பேன்டம்தான் என்றேன். தோட்டத்துக்குப் போய்வர அது போதும், ஆர்.சி. கையில் இருக்கிறது, உடைந்தால் சரிசெய்ய நம்மிடம் லேத்தும் ஆளும் உண்டு. இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று இவனே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓடுகிற வண்டியை வாங்குகிறவனுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கிப் பிரித்துப் பார்த்துத்தான் இயந்திரம் படித்தார். கொங்கு நாட்டில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். மாதக் கடைசியில் அவன் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தால், ஆறு மாதம் இல்லாவிட்டால் எட்டு மாதத்தில் வண்டி ஓடும்.

வேறு ஆளாக இருந்தால் வேறு சொல்வேன். வாரம் ஒருமுறை ஊட்டி, வால்பாறை என்று போகிறவர், கிராங்க் வேலைக்குப் பணமும் ஆர்.சி. சுத்தமான வண்டியும் கிடைத்தால், கப் வாங்கட்டும். இரண்டு பேர் போக வேண்டும், பளபளப்பு வேண்டாம், கையில் காசு குறைவு என்பவருக்கு, சாமான் முழுதாக இருக்கும் ஷெர்பா.

தங்கை மகனுக்கு இப்போதைக்கு ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு தேக்கரண்டி ஊற்றி, பழைய துணியால் துளையை அடைத்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். தினமும் ஒரு தேக்கரண்டி. யார் வந்து கேட்டாலும் கிக்கரை மிதிக்கக் கூடாது. துருப்பிடித்த ரிங்கோடு மிதித்தால் சிலிண்டர் கீறிப்போகும், கிக்கரின் பல்சக்கரப் பல்லும் உடையும். அடுத்த ஞாயிறு விட்வொர்த் ஸ்பேனரும் பழைய பேப்பரும் நாலு பிளாஸ்டிக் டப்பாவும் எடுத்துக்கொண்டு நான் காங்கயம் போகிறேன். தலையைக் கழற்றி, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.